சீரகம் மடித்த நாடகம்

786

மலாக்கா, காஜா பேராங்
2-3-1936

அன்புத் தம்பி கமாலுதீனுக்கு, நானா ஷேக் தாவூது ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையால் நானும் வீட்டில் உன் மச்சி பஷீராவும் சுகம். சென்னையில் நீயும் உன் வீட்டாரும் சுகமா?

தம்பி, இந்தத் தாளைக் கொஞ்சம் தூரத்தில் பிடித்துப் பார். இது எனக்கு எழுதித் தந்துவந்த கடிதக்காரர் கை இல்லை. என் கை. அறுபத்தாறு வயதில் எழுதப் படித்துக்கொண்டேன். ஐந்து மாதம் ஆயிற்று. இந்த ஒரு பக்கம் எழுத மூன்று நாள் பிடித்தது. லுஹர் தொழுகைக்கும் அஸர் தொழுகைக்கும் நடுவில் கடைக்கு ஆள் வராத நேரத்தில் எழுதுகிறேன். மேலே போட்ட 786 மட்டும் பழைய கை. எண்கள் எனக்கு எப்போதும் தெரியும். மற்றதெல்லாம் புதுசு.

"இந்த வயசுல எழுதிப் படிச்சு கவர்னராவா ஆவப் போறிய?" என்று உன் மச்சி கேட்டாள். அவள் பெயரை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். "இதுவா நான்? இத்துணூண்டா இருக்கேனே" என்றாள். பிறகு அந்தத் தாளை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

டவுனில் உன் டாக்கிப் பட நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வெயிலில் நின்று விரல் வைத்துப் படித்தேன். "மலாக்கா கமால் எழுதி, நடித்து, டைரக்ட் செய்தது." உன் பெயருக்கு முன்னால் நம் ஊர்ப் பெயர் இருப்பது இத்தனை நாள் எனக்குத் தெரியாது. யாரும் எனக்கு அதை வாசித்துச் சொல்லவில்லை.

கற்றுக் கொடுப்பவர் ஒரு பெரியவர். நல்ல மனிதர்.

உனக்கு துஆ செய்யும்
நானா

---

சென்னை
21-3-1936

மரியாதைக்குரிய நானா அவர்களுக்கு, தம்பி கமாலுதீனின் ஸலாம். இங்கு யாவரும் நலம். மச்சியின் முட்டு வலி இப்போது எப்படி?

உங்கள் கடிதத்தை ஸ்டூடியோவுக்கு எடுத்துப் போய் எல்லோரிடமும் காட்டினேன். விளக்குப் பிடிக்கிற ஆள் முதற்கொண்டு பார்த்தார்கள். மலாக்காவில் ராணி வேஷம் கட்டிப் பதினேழு வயதில் மேடை ஏறினேன். பிறகு சிங்கப்பூரில் சொந்தக் கம்பெனி, ரங்கூன், கடைசியில் இந்தச் சென்னை. எழுதிய நாடகம் பதினொன்று, நடித்த டாக்கி நாலு, டைரக்ட் செய்தது இரண்டு. இத்தனைக்கும் எனக்கு வந்த பாராட்டுக் கடிதங்களில் உங்களுடையதுதான் முதலில் பெட்டிக்குள் பூட்டி வைக்கப்பட்டது.

இன்னொரு செய்தி. இங்குள்ள வாரப் பத்திரிகை ஒன்று என் வரலாற்றைத் தொடராக எழுதச் சொல்லியிருக்கிறது. வர வர அனுப்புகிறேன். நீங்களே வாசிக்கலாம்.

அந்தப் பெரியவர் யார்? பெயர் எழுதுங்கள். அவருக்கு ஒரு சால்வை அனுப்புகிறேன்.

தங்கள் தம்பி
கமால்

---

786

காஜா பேராங்
19-4-1936

தம்பிக்கு ஸலாம். சுகத்துக்குக் குறைவில்லை. மச்சிக்கு முட்டு வலி மழை நாளில் மட்டும்.

பத்திரிகைச் செய்தி கேட்டுச் சந்தோஷம். நம் பக்கத்து வீட்டுச் செட்டி அம்மா பாக்கியத்திடமும் சொன்னேன். மலாக்காச் செட்டிகள் எல்லோரையும் போல அவருக்கும் தமிழ் தெரியாது, மலாய்தான். ஆனாலும் உன்னைச் சிறு வயதில் பார்த்தவர். கைதட்டினார்.

இப்போது எனக்குத் தெருவில் நடக்கவே நேரமாகிறது. தமிழ் போர்டு எங்கே இருந்தாலும் நின்றுவிடுகிறேன். முப்பது வருஷமாக நான் மருந்துக் கடை என்று நினைத்திருந்தது தையல் கடை. உள்ளே தையல் மிஷினும் இருக்கிறது, நான்தான் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை.

சால்வை வேண்டாம். அவர் வாங்க மாட்டார்.

தொடரில் மலாக்கா நாட்களையும் எழுதுவாயா? சிங்கப்பூரிலிருந்து ஆரம்பித்தாலும் நன்றாகத்தான் இருக்கும்.

நானா

---

சென்னை
12-5-1936

அன்புள்ள நானாவுக்கு ஸலாம். சுகம், சுகமே வேண்டுகிறேன்.

முதல் ஆறு வாரப் பத்திரிகைகளைத் தனிக் கட்டாக அனுப்பியிருக்கிறேன். மலாக்காவை விட்டுவிட்டு என் கதையை எப்படி எழுதுவது? என் கதை அங்கேதானே கோணலாயிற்று. ஏழாம் வாரம் என்னை முதலில் மேடை ஏற்றிய நாடகக் கம்பெனி உலகநாத வாத்தியாரைப் பற்றியது.

உங்களுக்கு நினைவிருக்கும். 1911ஆம் வருஷம் நான் எழுதிய முதல் நாடகம். இருபத்தெட்டுக் காட்சி, ஒரே நோட்டுப் புத்தகம், வேறு பிரதி கிடையாது. கம்பெனியோடு மூவாருக்குப் போனபோது அதை உங்கள் கடை அலமாரியில் வைத்துவிட்டுப் போனேன். வாத்தியார் காய்ச்சல் என்று மலாக்காவில் தங்கிவிட்டார். ஒரு மாதம் கழித்து நான் வந்து பார்த்தால் புத்தகம் இல்லை. "வாத்தியார் ஒருநாள் கடைக்கு வந்தார்" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஆறு மாதத்தில் அவர் புது நாடகம் போட்டார். கப்பலேறிப் போன புருஷனைத் தேடும் பெண்ணின் கதை. என்னுடையதும் அதே.

புத்தகம் போன அன்றைக்கே அவர் கம்பெனியை விட்டு வந்தவன் நான். சிங்கப்பூரில் என் நோட்டீஸ் எல்லாவற்றிலும் "குருவால் நாடகம் களவு போன கமால்" என்று போட்டேன். சனங்கள் திரண்டார்கள். அவர் கம்பெனி கலைந்தது.

இப்போது நான் டைரக்ட் செய்யும் மூன்றாவது டாக்கியும் இதே கதைதான். களவாணி வாத்தியார் வேஷத்தை நானே போடுகிறேன். அவர் இடது கையால் காதைப் பொத்திக்கொண்டு சுருதி கேட்பார் அல்லவா, அதைச் செய்து காட்டினேன். ஸ்டூடியோவில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். செப்டம்பரில் படம் பிடிக்கிறோம். மலாக்காவிலும் ஓடும். நீங்கள் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கமால்

---

786

காஜா பேராங்
7-6-1936

தம்பிக்கு ஸலாம். எல்லோரும் சுகம்.

இந்த வருஷம் டுரியான் பழம் அதிகம். வாசனை கடைச் சாமான் முழுக்க ஏறிவிட்டது. மல்லி வாங்கிப் போனவர் திரும்பி வந்து கேட்கிறார். எனக்குக் கண்ணில் கொஞ்சம் நீர் வடிகிறது.

கட்டு வந்து சேர்ந்தது. ஆறில் மூன்று வாரம் வாசித்து முடித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய்.

அந்த ஏழாம் வாரம் வேண்டுமா தம்பி? வயதானவர்கள் இருக்கிறார்கள், இல்லாமலும் போகிறார்கள். அந்த வேஷத்தையும் வேறு ஏதாவது வேஷமாக மாற்றினால் என்ன? நீ ராஜா வேஷத்தில் நன்றாக இருப்பாய்.

நானா

---

சென்னை
30-6-1936

நானாவுக்கு ஸலாம். நலம்.

உங்கள் கடிதம் எனக்கு விளங்கவில்லை. யார் உங்களிடம் வந்து அழுதது? வாத்தியார் இன்னும் அந்தப் பக்கம்தான் இருக்கிறார் என்று கேள்வி. அவருடைய ஆள் யாராவது கடைக்கு வந்து பேசினானா? ஏழாம் வாரம் அச்சாகி வெளியே போய்விட்டது. இத்துடன் வருகிறது. இருபது கடிதம் வந்திருக்கிறது, எல்லாம் என்னை மெச்சி.

என் பொருளைப் பறிகொடுத்தவன் நான். ராஜா வேஷம் எனக்கு எதற்கு?

கண்ணுக்கு வைத்தியரைப் பாருங்கள்.

கமால்

---

786

காஜா பேராங்
16-8-1936

தம்பிக்கு ஸலாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. பதில் எழுதத் தாமதமானது கண்ணால் இல்லை.

எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறவர் உலகநாத வாத்தியார். முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். பெயரை எழுதப் பேனாவை வைத்தேன், எடுத்துவிட்டேன்.

கம்பெனி கலைந்த பிறகு அவர் கோயிலுக்குப் பின்னால் ஒரு அறையில் இருக்கிறார். தினமும் பகலில் கடைக்கு வருவார். நான் கோப்பி கொடுப்பேன். உன் அண்ணன் என்று தெரிந்துதான் வந்தார். இருபத்தைந்து வருஷத்தில் ஒருநாளும் உன் பெயரை அவர் எடுத்ததில்லை. போன வருஷம் கடிதக்காரர் மவுத்தான அன்று, "இனிமே யாரைத் தேடுவீங்க? நானே சொல்லித் தர்றேன், நீங்களே எழுதுங்க" என்றார்.

ஏழாம் வாரம் வந்த அன்று அவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கட்டைப் பிரித்தேன். ஒளித்து வைக்கலாம் என்று நினைப்பதற்குள், "புதுப் பத்திரிகையா? வாசிங்க. இன்னைக்கு அதுதான் பாடம்" என்றார்.

வாசித்தேன். நான் எழுத்து எழுத்தாகக் கூட்டி வாசிக்கிறவன். சத்தம் முன்னே வரும், அர்த்தம் பின்னே வரும். "என் நாடகத்தைத் திருடியவர் என் குருநாதரே" என்று கடை முழுக்கக் கேட்கும்படி வாசித்து முடித்த பிறகுதான் என்ன வாசித்தேன் என்று எனக்குத் தெரிந்தது. வாய் நின்றுவிட்டது.

"நிறுத்தாதீங்க மரைக்காயரே. பக்கம் முடியட்டும்."

மிளகு வாங்க வந்த பாக்கியம் அம்மா சிரித்துக்கொண்டே, "செரித்தா அப்பா?" என்று கேட்டார். என்ன கதை என்று கேட்கிறார். வாத்தியார் அவருக்கு மலாயில் பதில் சொன்னார்: "ஒரு திருடன் கதை அம்மா. ரொம்ப நல்ல கதை."

பக்கம் முழுவதும் வாசிக்க வைத்தார். முடிந்ததும், "நல்லா வாசிச்சீங்க. குருநாதரேங்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் மூச்சு விட்டா இன்னும் எடுப்பா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். கோப்பி அப்படியே இருந்தது.

தம்பி, உன் புத்தகத்தை அவர் எடுக்கவில்லை. அது என் கடையிலேயே போயிற்று. எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. பழைய காகிதம் என்று நினைத்துச் சாமான் மடித்துக் கொடுத்துவிட்டேன். நீ வந்து கேட்டபோது பயத்தில் வாத்தியார் வந்தார் என்று சொன்னேன். வந்தது உண்மை. உப்பு வாங்க வந்தார். மீதியை நீயே நினைத்துக்கொண்டாய், நான் தடுக்கவில்லை.

நானா

---

சென்னை
9-9-1936

அன்புள்ள நானாவுக்கு ஸலாம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. எழுத்துத் தெரியாத மனிதர் காகிதத்தைக் காகிதம் என்று நினைத்தார். இதில் உங்கள் குற்றம் என்ன? மனதில் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம். நான் உங்களைக் குறை சொல்லவில்லை.

இனி வரும் வாரங்களில் அவரைப் பற்றி எழுதவில்லை. ஆனால் எழுதியதை மாற்றி எழுத முடியாது. இருபத்தைந்து வருஷமாக மேடையிலும் நோட்டீஸிலும் நான் சொன்னது. இப்போது சீரகத்துக்கும் மல்லிக்கும் மடித்துப் போயிற்று என்று சொன்னால் ஊர் சிரிக்கும். டாக்கிக்கும் செட் போட்டாயிற்று. அதில் அவர் பெயர் இல்லை, யாரென்று யாருக்கும் தெரியாது.

இது நம் இருவரோடு இருக்கட்டும். மச்சியிடம்கூடச் சொல்ல வேண்டாம்.

கமால்

---

786

காஜா பேராங்
11-10-1936

தம்பிக்கு ஸலாம். சுகம். மச்சியிடம் சொல்லிவிட்டேன்.

நீ என்னை மன்னித்தது வேறு ஒன்றுக்கு. நான் செய்தது வேறு. அதை எழுத மூன்று வாரம் ஆயிற்று.

நீ நாடகம் எழுதிய அந்த வருஷம் ஒருநாள் உங்கள் கம்பெனியின் நோட்டீஸ் வண்டி பாண்டு அடித்துக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றது. மேலே நீ ராணி வேஷத்தில் உட்கார்ந்திருந்தாய், தலையில் பூ, உதட்டில் சாயம். கடையில் பள்ளிவாசல் ஆட்கள் நாலு பேர் இருந்தார்கள். நீ என்னைப் பார்த்து, "நானா!" என்று கையசைத்தாய். ஒருவர், "மரைக்காயர் வீட்டுப் பொண்ணு வடிவா இருக்கே, மாப்பிள்ளை பாத்தாச்சா?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வண்டி நகரும் வரை உன் பக்கம் திரும்பவில்லை.

மறுவாரம் நீ மூவார் போனாய். மடிக்கிற காகிதம் தீர்ந்திருந்தது. உன் புத்தகத்தை எடுத்தேன். எழுத்துத் தெரியாது, ஆனால் ஒவ்வொரு தாளின் மேலேயும் நீ 786 போட்டிருந்தாய். பிஸ்மில்லாஹ்வுக்குப் பதிலாக வைக்கிற எண். பழைய காகிதத்தில் எவன் தாளுக்குத் தாள் அதைப் போடுவான்? உன் புத்தகம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த எண்ணின் மேல் சீரகம் கொட்டக் கூடாது என்று ஒவ்வொரு தாளிலும் அந்த மூலையை மட்டும் கிழித்துத் தனியே வைத்தேன். எண்ணுக்கு மரியாதை செய்தேன். கீழே இருந்த உன் எழுத்தில் சாமான் மடித்தேன்.

கோபத்தில் ஒரே நாளில் செய்திருந்தால் கோபம் என்று சொல்லலாம். ஒன்பது நாள் ஆயிற்று தம்பி. ஒவ்வொரு நாளும் கடை திறந்து, தொழுது, பிறகு உட்கார்ந்து அடுத்த தாளைக் கிழித்தேன். காஜா பேராங்கில் உன் நாடகம் போகாத வீடு இல்லை.

இதை வாத்தியாரிடம் சொன்னேன். அவர் குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு, "எத்தனை காட்சி எழுதியிருந்தான்?" என்று கேட்டார்.

"இருபத்தெட்டுன்னு எழுதியிருக்கான்."

"அடேயப்பா. பதினாறுக்கு மேல ஆடியன்ஸ் உக்கார மாட்டாங்க. என்கிட்ட கொண்டு வந்திருந்தா நானே பாதியைக் கிழிச்சிருப்பேன்" என்றார். சிரிக்க முயன்றார். அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் கடைக்கு வரவில்லை. பதின்மூன்றாம் நாள் வந்து, பாடப் புத்தகத்தைத் திறங்கள் என்றார்.

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் விலாசம் இருந்தது. மேலே எழுதியதை எல்லாம், ஒன்பது நாளையும் சேர்த்து, என் கையாலேயே எழுதி, என் பெயரைப் போட்டு அவர்களுக்குத் தபாலில் சேர்த்துவிட்டேன். எழுதும்போது எனக்கு வெட்கம் தாங்கவில்லை. ஆனாலும் ஒரு கடிதம் முழுதாக நானே எழுதி, யாரென்றே தெரியாதவர்களுக்கு அனுப்பினேனே என்று நடுவில் சந்தோஷமும் வந்தது. அது வந்ததற்கும் வெட்கப்பட்டேன்.

நானா

---

சென்னை
29-11-1936

நானாவுக்கு ஸலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறதா? மச்சியும் பிடிக்கிறார்களா? இந்த வருஷம் நானும் பிடிக்கிறேன்.

உங்கள் கடிதம் பத்திரிகையில் வந்துவிட்டது. ஆசிரியர் போடுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, "போடட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். அதற்கு முதல் நாள்தான் வாத்தியார் வேஷக் காட்சியைத் திரையில் போட்டுப் பார்த்தோம். நான் காதைப் பொத்திக்கொண்டு சுருதி கேட்கிறேன், எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு அந்தக் கையை மட்டுமே பார்க்க முடிந்தது. என் பதினேழு வயதில் நான் எந்த இடத்தில் தவறுகிறேன் என்று கேட்பதற்காக அவர் காதில் வைத்த கை. போடுங்கள் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். அந்தக் காட்சிகளை நானே கத்தரித்தேன். டாக்கி இப்போது நொண்டுகிறது, வெளிவருமோ என்னவோ. முதலாளிமார் என்னோடு பேசுவதில்லை.

நானா, நீங்கள் ஒன்பது நாளைச் சொல்லிவிட்டீர்கள். நான் இன்னும் சொல்லவில்லை.

1913இல் சிங்கப்பூருக்கும் வந்து வாத்தியார் அந்த நாடகத்தைப் போட்டார். நான் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்தேன். புருஷனைத் தேடும் பெண் என்பதைத் தவிர அதில் என் வரி ஒன்றுகூட இல்லை. ஒரு பாட்டு இல்லை, ஒரு பெயர் இல்லை. என்னுடையதைவிட நல்ல நாடகம். கடைசிக் காட்சியில் நான் அழுதேன். அவர் திருடவில்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

ஆனால் என் கொட்டகை நிறைந்துகொண்டிருந்தது. களவு கொடுத்தவனைப் பார்க்கத்தான் சனங்கள் வந்தார்கள். அதை விட்டால் நான் ராணி வேஷம் கட்டுகிற இன்னொரு ஆள். மறுநாள் அச்சாபீசுக்குப் போய் நோட்டீஸில் அந்த வரியை இன்னும் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். இருபத்திமூன்று வருஷம் தெரிந்தே சொன்னேன். நீங்கள் பறித்தது ஒரு புத்தகம். நான் பறித்தது அவருடைய பெயர்.

ஒரு உபகாரம் செய்யுங்கள். இந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. நீங்கள் வாசித்தால் அவர் கேட்பார்.

தங்கள் தம்பி
கமாலுதீன்

---

786

காஜா பேராங்
20-12-1936

தம்பிக்கு நானாவின் ஸலாம். பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. மச்சி முப்பது நோன்பும் பிடித்தாள், என்னைவிட இரண்டு அதிகம் என்று உனக்கு எழுதச் சொல்கிறாள்.

உன் கடிதத்தை நான் நாலு தரம் வாசித்தேன். யாரையும் கேட்காமல் எல்லாம் விளங்கிற்று. விளங்கியதும் இந்த எழுத்தைப் படித்திருக்கவே வேண்டாமோ என்று ஒருநாள் முழுக்க நினைத்தேன். மறுநாள் அப்படி நினைக்கவில்லை.

அதை வாத்தியாருக்கு வாசிக்க மாட்டேன்.

கோபம் இல்லை தம்பி. அறுபத்தாறு வருஷம் என் பேச்சை இன்னொருவர் எழுதினார், எனக்கு வந்ததை இன்னொருவர் வாசித்தார். பாதி சொல்லியும் பாதி சொல்லாமலும் நான் அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அது எத்தனை சுகமான இடம் என்று எனக்குத் தெரியும். அங்கே உன்னை உட்கார வைக்க மாட்டேன். உனக்கு வாய் இருக்கிறது. ஆயிரம் பேருக்கு முன்னால் பேசிய வாய். ஒரு கிழவர் முன்னால் பேசட்டும்.

கப்பலில் போர்ட் சுவெட்டன்ஹாம் வந்து, ரயிலில் தம்பின் ஸ்டேஷன் வரை வா. அங்கிருந்து பஸ் இருக்கிறது. நீ ஊரை விட்டுப் போனபோது அது இல்லை.

அவரிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். "கமால் உங்களைப் பார்க்க வர்றான்" என்றேன். நீ வருவதாக எழுதவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

"எதுக்கு?" என்றார்.

"அவனே சொல்வான்."

"வந்தா வரட்டும். நான் எங்க போகப் போறேன்" என்று சொல்லிவிட்டு வழக்கம்போல் குடையை எடுத்துக்கொண்டு போனார். இன்று காலை வண்ணானைத் தெருவில் பார்த்தேன். அவன் மூட்டையில் மேலே இருந்தது வாத்தியாருடைய கறுப்புக் கோட்டு. மேடைக்குப் போட்டுக்கொண்டு வருவாரே, அது. வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றாராம்.

நீ எந்த வெள்ளிக்கிழமை வருவாய் என்று வாத்தியார் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நீ எழுது.

உன் வழியைப் பார்த்திருக்கும்
நானா ஷேக் தாவூது